அப்பலோ 10 விண்கலத்தை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு: மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மகளின் பிரசவத்துக்கு, தம்பியின் கல்யாணத்துக்கு, பேரப்பிள்ளையைப் பார்க்க என்று நம் பக்கத்திலிருந்து லண்டன் போய் வருகிறவர்கள் நிறையப் பேர். கோயில், கடைத்தெரு, தேம்ஸ் ஆற்றுப் பாலம், மணிக்கூட்டுக் கோபுரம் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நிலவைச் சுற்றி வந்த அசல் விண்கலம் ஒன்று அதே ஊரில், கட்டணம் வாங்காத நூதனசாலை ஒன்றில் நிற்கிறது என்று சொன்னால் அதிசயப்படுகிறார்கள். மட்டக்களப்பில் பௌதிகவியல் படிப்பிக்கிற எனக்கு அதுதான் அந்த நகரத்தின் மிகப் பெரிய செல்வம். போகப்போகிற பெற்றோரும், போக ஆசைப்படுகிற மாணவரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அது எந்தக் கலம்? எங்கே இருக்கிறது?

அப்பலோ 10 இன் கட்டளைக் கலம், அதாவது வீரர்கள் மூவரும் இருந்து போய்த் திரும்பி வந்த பகுதி. லண்டன் சவுத் கென்சிங்டனில் உள்ள சயன்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குச் சொந்தமான இந்தக் கலம் 1976 முதல் இரவலாக அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. 1969 மே 18 இல் புறப்பட்டு, நிலவை 31 தடவை சுற்றி, மே 26 இல் பசுபிக் கடலில் வந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் மூவர்: தோமஸ் ஸ்டஃபோர்ட், ஜோன் யங், யூஜின் சேர்னன்.

கலத்துக்கு வானொலி அழைப்புப் பெயர் சார்ளி பிரவுண். அதோடு போன நிலவு இறங்கு கலத்துக்கு ஸ்னூப்பி. இரண்டும் அந்தக் காலத்துப் பத்திரிகைச் சித்திரக்கதை ஒன்றில் வரும் பாத்திரங்கள். இதைச் சொன்னால் சின்னப் பிள்ளைகளுக்கு உடனே உற்சாகம் வந்துவிடும்.

நிலவில் இறங்காமல் திரும்பின கலத்தை ஏன் சேர் பார்க்கவேணும்? அப்பலோ 11 தானே முக்கியம்?

இந்தக் கேள்வியை உயர்தர மாணவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். அப்பலோ 11 இன் கட்டளைக் கலம் வாஷிங்டனில் இருக்கிறது. போகக் கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். ஆனால் அப்பலோ 10 ஐ இரண்டாந்தரமாக நினைக்கவேண்டாம்.

அது முழு ஒத்திகை. மே 22 இல் ஸ்டஃபோர்டும் சேர்னனும் ஸ்னூப்பிக்குள் ஏறிப் பிரிந்து, நிலவின் தரைக்கு மேலே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் வரை தாழ்ந்தார்கள். மட்டக்களப்பு நகரத்திலிருந்து ஏறாவூருக்குள்ள தூரம் அவ்வளவுதான். இறங்கும்போது உயரத்தையும் வேகத்தையும் அளக்கும் ராடரைச் சோதித்தார்கள். அடுத்த பயணம் இறங்கவிருந்த அமைதிக் கடல் சமவெளிக்கு மேலால் பறந்து, பள்ளங்களையும் பாறைகளையும் பார்த்துச் சொன்னார்கள். பிறகு மேலே ஏறி வந்து தாய்க் கலத்தோடு இணைந்தார்கள்.

இறங்குவது அவர்களின் திட்டத்திலேயே இருக்கவில்லை. அத்தனை கிட்டப் போனவர்கள் தங்களுக்கு இட்ட வேலையை மட்டும் செய்துவிட்டுத் திரும்பினார்கள். இரண்டு மாதத்துக்குள், 1969 ஜூலை 20 இல், வேறு இருவர் அதே பாதையில் போய் இறங்கினார்கள். ஒரு பெரிய வேலை கூட்டு முயற்சியால் நடக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

அந்த மூவரின் கதையும் அதோடு முடியவில்லை. யங் 1972 இல் அப்பலோ 16 இல் போய் நிலவில் நடந்தார். 1981 இல் முதல் விண்ணோடப் (ஸ்பேஸ் ஷட்டில்) பயணத்துக்குத் தலைமை தாங்கினார். சேர்னன் 1972 டிசம்பரில் அப்பலோ 17 இல் போனார்; நிலவுத் தரையை விட்டுக் கடைசியாகக் கால் எடுத்தவர் அவர்தான். ஸ்டஃபோர்ட் 1975 இல் அமெரிக்க, சோவியத் கலங்கள் வானில் இணைந்தபோது அமெரிக்கத் தரப்பின் தளபதி.

இது அசலா, மாதிரியா? எப்படி நம்புவது?

அசல். ஆனால் இந்தக் கேள்வியை எந்த நூதனசாலையிலும் கேட்கப் பழகவேண்டும். விண்வெளிக் காட்சிக்கூடங்களில் மூன்று வகைப் பொருட்கள் கலந்திருக்கும்: போய் வந்தவை, போவதற்காகச் செய்யப்பட்டும் போகாதவை, காட்சிக்காகவே செய்யப்பட்ட மாதிரிகள். பக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையை முதலில் வாசியுங்கள்.

நியூயோர்க்கில் நிற்கும் என்டர்பிரைஸ் விண்ணோடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உருவத்தில் மற்ற விண்ணோடங்களைப் போலத்தான் இருக்கும். 1977 இல் வளிமண்டலத்துக்குள் மிதந்து இறங்கும் சோதனைகளைச் செய்தது. விண்வெளிக்கு ஒருநாளும் போகவில்லை. அதனால் அது மதிப்பில்லாதது என்று சொல்லமாட்டேன். எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

அப்பலோ 10 இல் இந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கிட்டப் போனால் அதன் உடம்பே சொல்லும்.

கிட்டப் போய் நின்ற பிறகு எதைப் பார்ப்பது? ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடாதா?

எதைப் பார்ப்பது என்று தெரியாமல் போனால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. பழுப்பு நிறக் கூம்பு ஒன்று, ஒரு படம், அடுத்த கூடம். அதனால்தான் இந்தப் பதிலை நீட்டி எழுதுகிறேன்.

முதலில் அடிப்பக்கம். குனிந்தோ முழங்காலில் இருந்தோ பாருங்கள். கலம் திரும்பி வரும்போது அந்த அகன்ற பக்கம்தான் முன்னே வந்தது. அப்பலோ 10 திரும்பிய வேகம் மணிக்கு 39,897 கிலோமீற்றர்; செக்கனுக்கு 11 கிலோமீற்றர். அந்த வேகத்தில் வளியில் மோதும்போது முன்னால் உள்ள வளி நெருக்கப்பட்டுக் கொதிக்கிறது. அந்தப் பக்கத்தை மூடியிருக்கும் வெப்பக் கவசத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ 2,700 பாகை செல்சியஸ் வரை தாங்கவேண்டும். இரும்பு உருகுவது 1,538 பாகையில் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். அப்படியானால் இந்தக் கலம் எப்படித் தப்பியது?

எரிந்துதான் தப்பியது. கவசம் அவ்கோட் என்ற பிசின் வகைப் பொருளால் ஆனது. வெப்பம் பட்டதும் அதன் மேற்படை கருகி, வாயுவாகி, துகளாகி வெளியே போகிறது. போகும்போது வெப்பத்தையும் கொண்டு போகிறது. உள்ளே இருப்பது காப்பாற்றப்படுகிறது. தேன்கூடு போன்ற சட்டத்தில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான சிறு அறைகள். ஒவ்வொன்றையும் தொழிலாளர்கள் கையால் பிடித்த கருவியால் நிரப்பினார்கள். கூர்ந்து பார்த்தால் அந்தக் கண்ணறைகளின் அடையாளம் தெரியும்.

இரண்டாவது, கலத்தைச் சுற்றி மெதுவாக நடந்து வாருங்கள். ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கூடுதலாகக் கருகியிருக்கும். கலத்தின் புவியீர்ப்பு மையம் நடுவில் இல்லாமல் சற்று ஒருபுறமாக வைக்கப்பட்டிருந்தது. அதனால் கலம் சாய்ந்தபடி வந்தது. அந்தச் சாய்வு சிறிது தூக்குவிசையைத் தந்தது. கலத்தை உருட்டி அந்த விசையைத் திருப்பி, எங்கே விழுவது என்று திசைப்படுத்த முடிந்தது. வெறும் கல் மாதிரி விழவில்லை. புத்தகத்தில் புவியீர்ப்பு மையம் படிக்கும் மாணவரை இந்த இடத்தில் நிறுத்தி, ஏன் இப்படிக் கருகியிருக்கிறது என்று கேளுங்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது, கதவு. அதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1967 ஜனவரி 27 இல், ஏவுதளத்தில் நடந்த ஒரு பயிற்சியின்போது அப்பலோ 1 கலத்துக்குள் தீப்பிடித்தது. கதவு உள்நோக்கித் திறப்பது. உள்ளே அழுத்தம் கூடியதால் திறக்க முடியவில்லை. கிறிசம், வைட், சஃபி மூவரும் இறந்தார்கள். அதன்பின் கதவு வெளிப்பக்கமாக, சில செக்கன்களில் திறக்கும்படி மாற்றப்பட்டது. நீங்கள் பார்ப்பது அந்த மாற்றப்பட்ட கதவின் வாயில். அந்த இடத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். மறைக்கவேண்டிய விடயம் இல்லை.

நான்காவது, வாயிலூடாக உள்ளே. மூன்று பேர் பக்கம் பக்கமாகப் படுக்கும் இருக்கைகளும் அவர்களின் முகத்துக்கு மேலே சுவர் நிறைய ஆளிகளும். வழிகாட்டும் கணினியின் நினைவகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். அதன் நிலையான நினைவகம் 36,864 சொற்கள் (கணினித் தரவைச் சேமிக்கும் அலகு) அளவு. அந்த நிரல்கள் கம்பியால் நெய்யப்பட்டவை. சின்னக் காந்த வளையத்துக்குள்ளால் கம்பி போனால் ஒன்று, வளையத்துக்கு வெளியால் போனால் பூச்சியம். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வோல்தம் என்ற ஊரில், ரேதியன் தொழிற்சாலையில், பெண்கள் இருந்து ஊசி கோர்த்து அதைச் செய்தார்கள். ஒரு இழை தவறினாலும் நிரல் பிழைத்துவிடும். மருதமுனையில் தறியில் இருந்து சாரம் நெய்கிறவருக்கு இந்த வேலையின் தன்மை என்னைவிட நன்றாக விளங்கும்: இழை எதற்கு மேலால் போகிறது, எதற்குக் கீழால் போகிறது என்பதில்தான் முழுக் கோலமும் இருக்கிறது.

கலம் இவ்வளவு சின்னதா?

பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வது இதுதான். அடி விட்டம் 3.9 மீற்றர், உயரம் ஏறத்தாழ மூன்றரை மீற்றர். ஆட்கள் இருக்கக்கூடிய இடம் 6 கன மீற்றர்தான். புறப்படும்போது இருந்த சட்டர்ன்-5 ரொக்கெட் ஏறத்தாழ 111 மீற்றர் உயரம். அத்தனையிலும் திரும்பி வந்தது இந்தக் கூம்பு மட்டும். ஸ்னூப்பியின் கீழ்ப்பகுதி நிலவிலேயே விழுந்துவிட்டது. மேற்பகுதி சூரியனைச் சுற்றும் பாதைக்கு அனுப்பப்பட்டது.

இதில் யங்கைப் பற்றி ஒன்று. மற்ற இருவரும் ஸ்னூப்பியில் போன நேரத்தில் இந்தக் கலத்தில் அவர் தனியாக இருந்தார். நிலவைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதர். நிலவின் மறுபக்கம் போகும்போதெல்லாம் பூமியோடு பேச்சும் இல்லை.

எட்டு நாள் சாப்பாடு, மலசலகூடம் எல்லாம் எப்படி?

உலர்த்திய உணவுப் பொட்டலத்துக்குள் சுடுதண்ணீர் விட்டுக் கரைத்துச் சாப்பிட்டார்கள். தண்ணீர், கலத்துக்கு மின்சாரம் தந்த எரிபொருள் மின்கலங்களில் ஐதரசனும் ஒட்சிசனும் சேரும்போது கிடைத்தது. மலசலகூடம் கிடையாது, பைகள்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நேராகப் பதில் சொல்லுங்கள்.

நிலவுக்குப் போனதே பொய் என்று வட்சப்பில் வருகிறதே?

வருகிறது. என் வகுப்பிலும் இதைக் கேட்கிறார்கள், கேட்பதில் தவறில்லை. ஆறு பயணங்களில் 382 கிலோகிராம் கல்லும் மண்ணும் கொண்டுவரப்பட்டன. உலகத்தின் பல நாட்டு ஆய்வுகூடங்கள் அவற்றை ஆராய்ந்திருக்கின்றன. அப்பலோ 11, 14, 15 பயணிகள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்பச்செய்து நிலவின் தூரத்தை இன்றும் அளக்கிறார்கள். 2009 இல் ஏவப்பட்ட நிலவுச் செய்மதி ஒன்று, இறங்கிய இடங்களையும் அங்கே நடந்த தடங்களையும் படம் எடுத்திருக்கிறது. இவ்வளவையும் சொன்ன பிறகும் நம்பாத பிள்ளையை அந்தக் கருகிய அடிப்பக்கத்தின் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தவேண்டும் என்பது என் ஆசை.

எப்படிப் போவது? நுழைவுச்சீட்டு வேண்டுமா?

ஈஸ்ட்ஹாமில் தங்குகிறவர்களுக்கு டிஸ்ரிக்ட் பாதை ரயில் நேரே சவுத் கென்சிங்டனுக்குப் போகும். ஹறோ பக்கத்தில் இருப்பவர்கள் ரெயினர்ஸ் லேன் அல்லது சவுத் ஹறோவில் பிக்கடிலி பாதை ரயில் எடுத்தால் மாறவேண்டியதில்லை. நிலையத்திலிருந்து நூதனசாலைப் பக்கம் நிலத்தடி நடைபாதை இருக்கிறது; மழையில் நனையாமல் போகலாம். அனுமதி இலவசம். இணையத்தில் இலவசச் சீட்டை முன்கூட்டியே எடுத்துவைத்தால் வாசலில் நேரம் போகாது. லண்டன் பள்ளிகளின் விடுமுறை நாட்களில் சனம் நெருக்கும். பள்ளி நடக்கும் கிழமைநாள் காலை நல்லது.

காட்சிக்கூடங்களை அவ்வப்போது மாற்றி அமைக்கிறார்கள். உள்ளே போனதும் தகவல் மேசையில், அப்பலோ 10 எந்தக் கூடத்தில் என்று கேட்டுவிட்டு நேரே அங்கே போங்கள். கால் சோர்வதற்கு முன் அதைப் பார்க்கவேண்டும். பக்கத்துக் கட்டிடம் இயற்கை வரலாற்று நூதனசாலை. டைனோசர் எலும்புகளுக்காகப் பிள்ளைகள் இழுப்பார்கள். அதற்கு இன்னொரு நாள் வையுங்கள். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கப் பார்த்தால் இரண்டும் மனதில் நிற்காது. மாமா, மாமி போன்ற வயதானவர்களோடு போனால் அவர்களை உட்காரவைத்துவிட்டு மற்றதெல்லாம் பார்க்கலாம், ஆனால் இந்தக் கலத்தடிக்கு அவர்களையும் கூட்டிவாருங்கள். 1969 இல் வானொலியில் அந்தச் செய்திகளைக் கேட்டது நினைவுள்ளவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைக் கதைக்க விடுங்கள்.

வீட்டிலிருந்து இடியப்பமோ சோற்றுப் பார்சலோ கட்டிக்கொண்டு போகலாம். சாப்பிடுவதற்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அங்கே இன்னொரு கலமும் இருக்கிறதாமே?

ரஷ்யாவின் சோயுஸ் டிஎம்ஏ-19எம் விண்கலம். 2015 டிசம்பர் 15 இல் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து ரிம் பீக், யூரி மலென்சென்கோ, ரிம் கோப்ரா மூவரையும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோய், 2016 ஜூன் 18 இல் கசக்ஸ்தானில் இறக்கியது. அதுவும் கருகியிருக்கும். அப்பலோவைவிடவும் சின்னது. ஒன்று கடலில் விழுந்தது, மற்றது தரையில் இறங்கியது. இரண்டின் உருவத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று கூம்பு, மற்றது மணி வடிவம்.

சுவிஸில், கனடாவில் இருக்கிறோம். பக்கத்தில் என்ன பார்க்கலாம்?

சுவிஸில் லூசேர்ன் போக்குவரத்து நூதனசாலையில் யூரேக்கா செய்மதி தொங்குகிறது. 1992 இல் அட்லாண்டிஸ் விண்ணோடம் அதை வானில் விட்டது. அந்தப் பயணத்தில் சுவிஸ் வீரர் குளோட் நிக்கோலியே இருந்தார். 1993 இல் என்டவர் விண்ணோடம் போய் அதைப் பிடித்துக்கொண்டு வந்தது. பூமிக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்ட செய்மதிகள் மிக அரிது, அதனால் இதைச் சாதாரணமாக நினைத்துக் கடந்து போகாதீர்கள்.

ரொறன்ரோவில் இருப்பவர்கள் ஒட்டாவாவில் உள்ள விமான, விண்வெளி நூதனசாலைக்குப் போகலாம். என்டவர் விண்ணோடத்தில் வேலை செய்த கனடாக் கை என்ற இயந்திரக் கை அங்கே இருக்கிறது.

இலங்கைக்குக் கிட்ட எது?

டில்லி. தீன்மூர்த்தி வளாகத்தில் உள்ள நேரு கோளரங்கில் சோயுஸ் ரி-10 இருக்கிறது. இந்தியாவின் முதல் விண்வெளி வீரர் ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3 இல் சோயுஸ் ரி-11 இல் புறப்பட்டு, சோவியத்தின் சல்யூட் 7 விண்வெளி நிலையத்தில் இருந்துவிட்டு, ஏப்ரல் 11 இல் இந்த ரி-10 இல் திரும்பினார். போனது ஒரு கலம், வந்தது வேறு கலம். காசி, கயா யாத்திரை போகிறவர்கள் டில்லி வழியாகத் திரும்பினால் அரை நாளை இதற்கு ஒதுக்கலாம்.

திருவனந்தபுரம் பக்கம் போகிறவர்கள் தும்பாவை விசாரியுங்கள். 1963 நவம்பர் 21 இல் இந்தியாவின் முதல் ஆய்வு ரொக்கெட் ஏவப்பட்ட மீனவக் கிராமம் அது. அங்கிருந்த மகதலேனா மரியாள் தேவாலயக் கட்டிடம்தான் இன்று விண்வெளி நூதனசாலை. கலம் எதுவும் பார்க்கக் கிடைக்காவிட்டாலும், கல்லடி, பாலமுனைக் கடற்கரைப் பிள்ளைகள் அந்த இடத்தைப் பார்க்கவேண்டும்.

எங்கேயும் போக வசதியில்லாத பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?

பெரும்பான்மையான பிள்ளைகளின் நிலை இதுதான், அதனால் இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். பள்ளி மைதானத்தில் ஒரு தடியை நட்டு, 1.95 மீற்றர் கயிற்றைக் கட்டி, சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள். அதுதான் கலத்தின் அடி. மூன்று பிள்ளைகளை அதற்குள் பக்கம் பக்கமாகப் படுக்கவிட்டு, எட்டு நாள் என்று சொல்லுங்கள். எந்தப் படமும் தராத அளவுணர்வு அப்போது வரும்.

அடுத்தது, நம் கிழக்குக் கரைக்கென்றே கிடைத்த ஒன்று. போயா நாளில் மாலையில் நிலவு கடலிலிருந்து எழும்போது கடற்கரையில் நில்லுங்கள். வட்டின் மேல் விளிம்பருகே தனித்து நிற்கும் சிறிய நீள்வட்டக் கரும்புள்ளி தெரியும். அதற்குக் கீழே, நடுவுக்குச் சற்று மேலே, பெரிய கரும்பரப்பு. அந்தப் பெரியதுதான் அமைதிக் கடல். ஸ்டஃபோர்டும் சேர்னனும் 15 கிலோமீற்றர் உயரத்தில் பறந்தது அதற்கு மேலால். தொலைநோக்கி தேவையில்லை. நிலவு உச்சியை நோக்கி ஏற ஏறப் பார்ப்பவருக்கு இந்த அடையாளங்கள் திரும்பியிருக்கும். அதனால் எழும் வேளையிலேயே காட்டிவிடுங்கள்.

எத்தனை வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகலாம்?

எந்த வயதானாலும் போகலாம். ஆனால் சாதாரண தரத்தில் விசை, வெப்பம் படித்த பிள்ளைக்கு அந்த நாள் வேறு மாதிரி இருக்கும். சின்னவர்களுக்குப் பெயர்க் கதையும் மலசலகூடக் கதையும் போதும்.

தொடலாமா? படம் எடுக்கலாமா?

தொடக் கூடாது. கருகிய படை உதிரக்கூடியது. உதிர்ந்தால் திரும்பச் செய்ய முடியாது. படம் எடுக்கலாம், பிளாஷ் இல்லாமல். ஆளை நிறுத்தி எடுக்கும் படத்தோடு, அடிப்பக்கத்தையும் கதவு வாயிலையும் கிட்ட வைத்துத் தனியாக எடுங்கள். ஊருக்கு வந்ததும் அந்தப் படங்களைப் பிள்ளையின் பௌதிகவியல் ஆசிரியரிடம் கொடுத்தால் வகுப்பில் காட்டுவார்.